பன்னிரண்டாவது பல் டாக்டர்

"பல்வலி வந்தவன் மாதிரி உட்காருடா. பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கே," என்றார் நிதானம், உதடு அசையாமல்.

மச்சினன் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான். "பேசவே கூடாதுன்னு சொல்லிட்டீங்க, அத்தான். மூச்சாவது விடலாமா?"

"விடு. சத்தம் வராம விடு."

நிதானம் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் துப்பறிகிற மனிதர், ஒருவரைக்கூட அவசரப்பட்டுக் குற்றவாளி என்று சொன்னதில்லை. அதனால் தொழில் வட்டாரத்தில் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. உதவியாளன் அவர் மனைவியின் தம்பி. மனைவி இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அக்கா போன பிறகும் அத்தானை விட்டுப் போகாமல் கூடவே இருக்கிறான். அதற்குச் சம்பளம் வாங்குகிறான், மாதம் முழுக்க அவர் மண்டையையும் உருட்டுகிறான்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது மூன்றாவது மாடியில், ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில். ஆறு நாற்காலி. ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு ஒரு வாளி. மேஜை மேல் பிளாஸ்டரில் செய்த ஒரு தாடை, வந்தவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

கேஸ் என்று பார்த்தால், கொலையும் இல்லை கொள்ளையும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் கடல் கடந்த ஊரிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். "எங்கப்பாவுக்கு இம்ப்ளான்ட் வைக்க ஒரு நல்ல டாக்டரைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க, சார்."

"அதுக்குத் துப்பறியறவன் எதுக்கும்மா?"

"பதினோரு பேரைப் பார்த்துட்டார். பதினோரு பேரும் ஃப்ராடாம்."

அப்பா ஓய்வுபெற்ற லிஃப்ட் இன்ஸ்பெக்டர். தனிக்கட்டை. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. கழற்றி மாட்டும் பல்செட் வைத்தால் குமட்டுகிறது. தாடை எலும்பிலேயே சின்னத் திருகாணி பதித்து, அதன் மேல் பல் கட்டுகிற இம்ப்ளான்ட்தான் வழி. அதுவரைக்கும் மூன்று வேளையும் பாலில் ஊறின ரொட்டி. பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டாகிவிட்டது.

"கடைசியா எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பினார், சார். பல் இல்லாத இடத்துல எலும்பு தேய்ஞ்சுகிட்டே வருதாம். இன்னும் மூணு மாசம் போனா திருகாணி நிக்கிற அளவுக்கு எலும்பு இருக்காது. அப்புறம் வாழ்நாள் பூரா ரொட்டியும் பாலும்தான்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரு யோக்கியமான ஆளை நீங்க சலிச்சு எடுங்க. யாரோ சிநேகிதி சொன்னதா நான் அப்பாகிட்ட சொல்லிக்கிறேன். நீங்க இதுல இருக்கிறது அவருக்குத் தெரியவே கூடாது."

நிதானம் இரண்டு வாரம் மாடி மாடியாக ஏறி இறங்கினார். எல்லா டாக்டரிடமும் ஒரே கேள்விதான். "நீங்க வெச்ச இம்ப்ளான்ட்ல எத்தனை பிடிக்காம விழுந்திருக்கு?"

ஒருவர் "ஒண்ணுகூட இல்லை" என்றார். அந்த இடத்திலேயே அவர் பெயரை அடித்தார் நிதானம். இன்னொருவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே "நாளைக்கே வெச்சிடலாம்" என்றார். அவரும் அவுட். இந்த மூன்றாவது மாடி டாக்டரம்மா மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"நானூத்துச் சொச்சத்துல ஒன்பது. அதுல ரெண்டு முழுக்க என் தப்பு. சர்க்கரை கட்டுக்குள்ள இல்லாதவங்களுக்கு அவசரப்பட்டு வெச்சுட்டேன். இப்போ ரத்தப் பரிசோதனை பார்க்காம கை வைக்கிறதில்லை." கூடவே ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். எந்தக் கம்பெனி திருகாணி, என்ன அளவு, என்ன நம்பர் என்று அதில் ஒட்டியிருந்தது. "இதை நோயாளி கையிலேயே கொடுத்துடுவேன். நாளைக்கு நானே இல்லாமப் போனாலும் வேற டாக்டர் இதைப் பார்த்து வேலை செய்யலாம் பாருங்க."

நிதானம் பட்டியலை மூடிவிட்டார். "தோத்ததுக்குக் கணக்கு வெச்சிருக்கிறவங்கதான்டா நிஜமான கைகாரங்க," என்றார் மச்சினனிடம்.

"அப்போ நீங்க பெரிய கைகாரர், அத்தான். பீரோ நிறைய வெச்சிருக்கீங்களே."

இன்றைக்கு அந்தப் பெரியவர் முதன்முதலாக இங்கே வருகிறார். பதினோரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறார். பன்னிரண்டாவது டாக்டரையும் ஃப்ராடு என்பாரா என்று நேரில் பார்க்கத்தான் இந்தத் துண்டு வேஷம்.

பத்தேமுக்காலுக்கு லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே இருந்த பெரியவர் உடனே வெளியே வரவில்லை. கதவின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து, ஒரு தரம் மூடவிட்டு, மறுபடி திறந்து, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். தேய்த்த சட்டை. காலருக்குள் கழுத்து ஆடியது. நிதானத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டாக்டர் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துட்டிருக்காங்க. இருபது நிமிஷம் ஆகும்," என்றாள் வரவேற்பறைப் பெண்.

"ஆகட்டும்மா." பெரியவர் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். தேதி போட்டார். எழுதினார்.

பக்கத்திலிருப்பவர் எழுதுவதைத் தலை திருப்பாமல் படிப்பது துப்பறிகிற தொழிலில் பாதி. நிதானம் படித்தார். 'ஒன்று. கை நடுங்குகிறது. இரண்டு. அவசரப்படுகிறார். மூன்று. கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறார்.'

போன டாக்டரைப் பற்றிய குறிப்பாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். ஆனால் மேலே இன்றைய தேதி. இந்த டாக்டரின் பெயரும் இருந்தது. டாக்டரோ இன்னும் மாடியே ஏறவில்லை.

மச்சினனும் எட்டிப் படித்துவிட்டான். டோக்கன் சீட்டின் பின்பக்கம் ஏதோ கிறுக்கி அத்தான் மடியில் போட்டான். 'ஜோசியரா?'

டாக்டர் வந்தார். பெரியவர் உள்ளே போனார். நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தபோது, பெரியவர் கை கூப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. "ரொம்பத் தெளிவாச் சொன்னீங்க, டாக்டர். இவ்வளவு பொறுமையா யாரும் சொன்னதில்லை." வெளியே வந்தவர் நேராக மாடிப்படித் திருப்பத்துக்குப் போய் போனை எடுத்தார்.

நிதானம் பின்னாலேயே போய், படியில் கால் வைத்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

"வேண்டாம்மா இவங்க," என்று பெரியவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "கை நடுங்குது. ஆமா, கண்ணாடியைப் பிடிக்கிறப்பவே நடுங்குது. ஒரு கேள்வி கேட்டா எரிஞ்சு விழுறாங்க. உன் சிநேகிதி யாரைப் போய்ச் சொல்லியிருக்கா பாரு."

அதோடு முடியும் என்று நிதானம் நினைத்தார். முடியவில்லை. பேச்சு டாக்டரை விட்டு நகர்ந்தது. நீ சாப்பிட்டியா, அங்கே குளிர் எப்படி, உன் ஆபீஸ்ல அந்தப் பக்கத்து மேஜைக்காரி இன்னும் படுத்துறாளா என்று எங்கெங்கோ போனது. அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, பெரியவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். அரை மணி நேரம். நிதானம் ஒரே நாடாவை ஐந்து தடவை கட்டினார்.

"சரிம்மா, அடுத்த டாக்டர் பேரை அனுப்பு. போய்ப் பார்க்கிறேன்." போன் அடங்கியது. பெரியவர் முகமும் கரண்ட் போன வீடு மாதிரி ஆகிவிட்டது. அணைந்த திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நிற்பதைப் பார்க்க நிதானத்துக்கு என்னவோ செய்தது. ஐந்து வருடமாக அவர் போனும் வேலைக்குத்தான் அடிக்கிறது.

உள்ளே மச்சினன் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தான். அவன் வாயிலிருந்து கண்ணாடியை எடுத்துவிட்டு டாக்டர் சொன்னார். "உங்க ஆளுக்கு நிஜமாவே ஒரு பல் சொத்தை. மரத்துப்போக ஊசி போட்டிருக்கேன், அடைச்சிடலாம்."

"பொய்ப் பல்வலிக்கு நிஜ ஊசியா, அத்தான்?" பாதி உதடு மரத்திருந்ததால் மச்சினனின் கிண்டலும் பாதிதான் வெளியே வந்தது.

நிதானம் தன் விசிட்டிங் கார்டை நீட்டி உண்மையைச் சொன்னார். அந்தப் பெரியவர் உள்ளே என்ன பேசினார் என்று கேட்டார். டாக்டர் மறுப்பாகத் தலையாட்டினார். "நோயாளி என்கிட்ட பேசினது என்கிட்டயே இருக்கும். யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"உங்க கை நடுங்குதுன்னு வெளியில சொல்றாரே."

"என் கையைப் பத்தி வேணா சொல்றேன். பார்த்துக்குங்க." கூர்முனைக் கம்பியைப் பிடித்து நீட்டினார். கம்பி இம்மி அசையவில்லை. ஆள் தேர்வில் தப்பில்லை என்று நிதானத்துக்கு நிம்மதி வந்தது. அப்படியானால் தப்பு வேறு எங்கேயோ இருக்கிறது.

மகள் அனுப்பிய பட்டியலை எடுத்து விரித்தார். பதினோரு டாக்டர், பதினோரு தேதி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம். எல்லாமே காலை பதினோரு மணி. சாயங்காலம் வரச் சொன்ன டாக்டர்களைக்கூடக் கெஞ்சிக் காலைக்கு மாற்றியிருந்தார் மனிதர்.

"பதினொண்ணுக்கு உள்ளே போனா பன்னெண்டுக்கு வெளியே வரலாம்," என்றார் மெதுவாக. "இங்கே பன்னெண்டுன்னா அந்தப் பொண்ணு ஊர்ல மணி என்னடா?"

மச்சினன் விரல் விட்டு எண்ணினான். "ராத்திரி எட்டு ஆகப்போகும். வேலை முடிஞ்சு, வீட்டுக்கு வந்து, அக்கடான்னு…" நிறுத்தினான். மேலே கிண்டல் வரவில்லை.

பெரியவர் இன்னும் அங்கேயேதான் இருந்தார். லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சான்றிதழைப் படித்துக்கொண்டு.

"லிஃப்ட் எப்படி சார்?" என்று போய் நின்றார் நிதானம்.

"கதவு அரை செகண்ட் முன்னாடியே மூடுது. மத்தபடி நல்லா வெச்சிருக்காங்க."

"உள்ளே ஏறாம இதைச் சொல்ல முடியுமா?"

"எப்படிச் சொல்றது? முப்பத்தினாலு வருஷத்துல ஏறிப் பார்க்காம ஒரு கையெழுத்துப் போட்டதில்லை நான். ஒருத்தன் கீழே உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டே ரிப்போர்ட் எழுதினான். அவனை வேலையை விட்டே அனுப்ப வெச்சேன்."

"டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே கை நடுங்குதுன்னு எழுதினீங்களே சார்."

பெரியவர் கோபப்படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். திருடு பிடிபட்டவர்களின் முகத்தை நிதானம் நிறையப் பார்த்திருக்கிறார். இவ்வளவு வெட்கத்தை எதிலும் பார்த்ததில்லை.

"என் பொண்ணு அனுப்பின ஆளா நீங்க?"

நிதானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவே பதிலாகிவிட்டது.

"அந்தப் பதினோரு பேர்ல ரெண்டு பேர் ஏமாத்துக்காரங்க. மத்தவங்க எல்லாம் நல்லவங்கதான். இந்தம்மா தங்கம்." பெரியவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்னெல்லாம் மாசத்துக்கு ஒரு போன் வரும். நல்லா இருக்கீங்களாப்பா? நல்லா இருக்கேன். அவ்வளவுதான். எனக்குப் பேச வராது சார். இவங்கம்மா இருந்தவரைக்கும் அவதான் பேசுவா, நான் பக்கத்துல நின்னு கேட்டுக்குவேன். முதல் டாக்டரைப் பத்திக் குறை சொன்ன அன்னிக்கு முக்கால் மணி நேரம் பேசினா. குறை சொல்ல எனக்கு நல்லா வரும். அதானே என் தொழில்."

"எலும்பு தேயுதே சார்."

"தெரியும். நான்தானே ஸ்கேனைப் பார்த்தேன்." நோட்டை மூடினார். "பல்லு வந்துட்டா அப்புறம் என்னத்தைச் சொல்லி அவளைப் பிடிச்சு வைக்கிறது? ரொட்டியை ஊற வெச்சுத் தின்னுக்கலாம். அந்த வீட்டுல பேச்சுச் சத்தம் இல்லாம இருக்க முடியலை, சார். அவகிட்ட சொல்லிடாதீங்க."

நிதானம் தெருவுக்கு இறங்கி வந்து மகளைக் கூப்பிட்டார். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று மாடியும் யோசித்துக்கொண்டே வந்தார். "டாக்டர் நல்லவங்கம்மா. நானே பார்த்தேன். கை நடுங்கலை. உங்கப்பா சொல்றது…"

"தெரியும் சார்," என்றாள் அவள்.

 தொழிலில் இத்தனை வருடம் ஆகியும் இந்தப் பதிலை நிதானம் எதிர்பார்க்கவில்லை.

"மூணாவது டாக்டர்ல இருந்தே தெரியும். எங்கப்பாவை மரியாதையில்லாம நடத்தினீங்களான்னு சண்டை போட அந்த டாக்டருக்கே போன் பண்ணினேன். 'உங்கப்பா எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனாரேம்மா'ன்னார்."

"அப்புறமும் ஏம்மா அடுத்தடுத்து அனுப்பினீங்க?"

அந்தப் பக்கம் ஏதோ தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. "சின்ன வயசுல அப்பா என்கிட்ட பேசினதே இல்லை சார். பரீட்சை மார்க்குல கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். இங்கே நான் வேலைக்குப் போறேன், வர்றேன். வீட்டுல ஈ காக்கா கிடையாது. டாக்டரைப் பார்த்துட்டு வந்த அன்னிக்கு எட்டு மணிக்கு அப்பா கூப்பிடுவார். அந்தக் குறையைப் பேசியே ஒரு வாரம் ஓடும். தட்டை வெச்சுக்கிட்டு உட்கார்ந்து கேட்பேன். பல் வந்துட்டா பழையபடி நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சிடுவாரோன்னு எனக்கும் பயம். அந்த எலும்பு ரிப்போர்ட் வந்த அன்னிக்குத்தான் உறைச்சுது, எனக்குத் துணைக்காக அவரைப் பட்டினி போடுறேன்னு. என்னால நிறுத்த முடியலை. வெளியாள் ஒருத்தர் வந்து நிறுத்தட்டும்னுதான் உங்களைப் பிடிச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "எனக்குத் தெரியும்கிறதை மட்டும் அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. ரொம்ப அவமானப்படுவார்."

நிதானம் தெருவில் நின்றார். மேலே ஒருத்தர் சொல்லாதே என்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி சொல்லாதே என்கிறாள். இருபத்திரண்டு வருடத்தில் கட்சிக்காரர் ரகசியம் ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை என்பதுதான் அவருடைய ஒரே சொத்து.

மச்சினன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். நிதானம் சொன்னதையெல்லாம் கேட்டான். மரத்த உதட்டோடு சொன்னான். "தொழில் தர்மப்படி வாயை மூடிக்கணும்தான், அத்தான். ஆனா அக்கா உங்களை என்ன சொல்லும்னு ஞாபகம் இருக்கா? நீங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள எதிர்ல இருக்கிறவங்களுக்கு முடி நரைச்சிடும்னு சொல்லும்."

நிதானம் திரும்பி மாடி ஏறினார், லிஃப்டுக்குக் காத்திருக்காமல்.

பெரியவர் அதே படியில் இருந்தார். "சார், உங்க பொண்ணுக்கு மூணாவது டாக்டர்ல இருந்தே தெரியுமாம்," என்று மூச்சு வாங்கச் சொன்னார் நிதானம்.

பெரியவர் அண்ணாந்து பார்த்தார். கணக்குப் போட்டார். "அதுக்கப்புறம் ஒன்பது டாக்டர் ஆச்சே. ஒன்பதையும் தெரிஞ்சுக்கிட்டேவா கேட்டா?"

"தெரிஞ்சுக்கிட்டேதான். அவங்களும் தனியாத்தான் சாப்பிடுறாங்க, சார்."

பெரியவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நிதானம் அவர் முதுகில் கை வைக்கலாமா என்று யோசித்து, கடைசியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வரவேற்பறைக்குள் போனார். "ஆபரேஷனுக்கு என்னிக்கும்மா வரணும்?" என்று கேட்பது வெளியே கேட்டது.

பத்து நாள் கழித்து நடந்தது. ரத்தப் பரிசோதனை பார்த்து, தேதி குறித்து, நான்கு திருகாணியையும் ஒரே காலையில் வைத்து முடித்தார் டாக்டரம்மா. எலும்பு பிடித்து மேலே பல் கட்ட இன்னும் சில மாதம் ஆகும். கூட வந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே. நிதானம் போட்டார்.

பெரியவர் வரவேற்பறை நாற்காலியில், இரண்டு பக்கமும் பஞ்சைக் கடித்துக்கொண்டு, நம்பர் ஒட்டிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு முழுக்க வாயைத் திறந்து பேசக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

பன்னிரண்டு மணிக்கு அவர் போன் அடித்தது. மகள்தான். பெரியவர் கலவரத்தோடு வாயைக் காட்டி, போனை நிதானத்திடம் நீட்டினார்.

"அப்பாவால பேச முடியாதும்மா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. குறை ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லை."

 அவள் இப்போது என்ன சொல்லப் போகிறாள் என்று பெரியவர் நிதானத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி சார், நன்றி என்று வைத்துவிடுவாளோ என்று நிதானத்துக்கும் அடித்துக்கொண்டது.

"போனை அவர் காதுல வைங்க சார்," என்றாள். "அவர் பேச வேண்டாம். நான் பேசுறேன்."

நிதானம் வைத்தார். அவள் என்ன பேசினாள் என்று நிதானத்துக்குக் கேட்கவில்லை. கேட்க முயலவும் இல்லை. பெரியவர் மட்டும் பஞ்சைக் கடித்தபடியே, மூக்கால், "ம்" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு "ம்." கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

பன்னிரண்டரை ஆனது. மச்சினன் வந்து எட்டிப் பார்த்தான். "போலாமா அத்தான்? வீட்டுல என் பொண்டாட்டி சாப்பிடாமக் காத்துட்டிருப்பா. கேஸ்தான் முடிஞ்சுதே."

"நீ போ."

"உங்களுக்கு இங்கே இன்னும் என்ன வேலை?"

வேலை ஒன்றும் இல்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க அவர் வீட்டிலும் யாரும் இல்லை. மச்சினனுக்கு அது தெரியும். அதனால் அவன் மேலே கிண்டல் செய்யாமல் லிஃப்டை அழைத்து இறங்கிப் போனான்.

நிதானம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றேகால் ஆகியும் பெரியவர் ம் கொட்டிக்கொண்டே இருந்தார். ஒருவர் இன்னொருவருக்கு ம் கொட்டுகிற சத்தத்தைக் கேட்டு நிதானத்துக்கு ரொம்ப நாளாகியிருந்தது. அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.